ஜப்பான் ஃபேமிகாம் (எச்விசி-001): நம்ம ஊர் கரன்ட், நம்ம ஊர் டிவி – எப்படி ஓட்டுவது?

கேசட்பெட்டி:

1983 ஜப்பான் ஃபேமிகாம் (நின்டெண்டோவோட டிவி கேம் மெஷின்), சிவப்பு-வெள்ளை, எச்விசி-001. ரெண்டு கன்ட்ரோலரும் மெஷினோடயே சேர்ந்த ஒயர். கூட 100 வோல்ட் அடாப்டர் ஒண்ணு, ஆர்எஃப் பெட்டி (டிவியோட ஆன்டெனா சாக்கெட் வழியா படம் அனுப்புறது) ஒண்ணு. பின்னாடி மஞ்சள், வெள்ளை ஏவி சாக்கெட் எதுவும் இல்ல. டிவி பக்கம் ஒரு பழைய 21 இன்ச் டப்பா டிவி (ஏவி இன் இருக்கு), ஒரு 32 இன்ச் எல்இடி. அடாப்டரை இன்னும் பிளக்ல சொருகவே இல்ல.

தெரிய வேண்டியது: இங்க எந்த அடாப்டர் போடலாம்? ஆர்எஃப்ல படம் வருமா, இல்ல ஏவி மாத்தியே ஆகணுமா? 90-கள்ல இங்க வித்த டிவி கேம் கேசட் பத்துப் பதினைந்து இருக்கு, அது இதுல ஓடுமா?

சால்டர்வாசம்:

சொருகாம வச்சீங்களே, அதுவே பாதி வேலை. அந்த அடாப்டருக்குள்ள இருக்கிறது வெறும் டிரான்ஸ்ஃபார்மர். 230-ல போட்டா வெளியேயும் ரெண்டு மடங்குக்கு மேல வரும், கொஞ்ச நேரத்துல சுருள் கருகும்.

ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடுப்பின் மைனஸ். இந்தக் கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. நம்ம கடைல கிடைக்கிற 9 வோல்ட் 1 ஆம்பியர் ரவுட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடுப்பின் பிளஸ். அப்படியே சொருகினா 7805 ரெகுலேட்டரும் அதுக்கு முன்னாடி இருக்கிற கப்பாசிட்டரும் போகும். ரெண்டு வழி இருக்கு. இசைக்கருவிக் கடைல கிட்டார் பெடலுக்கு விக்கிற 9 வோல்ட் அடாப்டர் நடுப்பின் மைனஸ்தான், ஆனா 1 ஆம்பியர் தருதான்னு பாத்து வாங்கணும். இல்லன்னா ரவுட்டர் அடாப்டரோட டிசி ஒயரை வெட்டி, ரெண்டையும் மாத்தி ஒட்டி, மேல சுருங்கு குழாய் போடுங்க. பிளக் அளவு 5.5 × 2.1 மி.மீ. சொருகும் முன்னாடி மல்டிமீட்டர்: சிவப்பு முனை நடுவுல, கருப்பு வெளியே. மீட்டர்ல மைனஸ் 9 காட்டினா சரி.

12 வோல்ட் கைவசம் இருக்கேன்னு போடாதீங்க. உள்ள இருக்கிற 7805, 5 வோல்ட்டுக்கு மேல வர்ற எல்லாத்தையும் சூடாத்தான் கழிக்கும். அரை ஆம்பியர் ஓடுதுன்னு வச்சா 9 வோல்ட்ல 2 வாட், 12 வோல்ட்ல 3.5 வாட். 9 போதும். ரொம்ப மலிவான எஸ்எம்பிஎஸ் அடாப்டர்னா படத்துல அலை அலையா கோடு ஓடும், ஸ்பீக்கர்ல முனகல் வரும். அப்ப மெஷினைத் திட்டாம அடாப்டரை மாத்திப் பாருங்க.

என்இஎஸ் (ஃபேமிகாமோட அமெரிக்கப் பதிப்பு) அடாப்டர் யாராவது கொடுத்தா வாங்காதீங்க. அது 9 வோல்ட் ஏசி வெளியே விடும். என்இஎஸ் உள்ள ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருக்கு, ஃபேமிகாம்ல இல்ல. பிளக் அழகா உள்ள போயிடும், அதுதான் ஆபத்தே.

ஆன் பண்ணதும் விளக்கு எரியலையேன்னு பயப்பட வேணாம். இந்த மாடலுக்குப் பவர் விளக்கே கிடையாது. 7805-ன் மூணாவது காலில் 4.8-லிருந்து 5.2 வரைக்கும் வந்தா கரன்ட் பக்கம் முடிஞ்சுது.

அலைவரிசை95:

ஆர்எஃப் பற்றி. பின்னால் சிஎச்1, சிஎச்2 என்று ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். அவை ஜப்பானின் சேனல் 1, 2. பட அலை 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். ஜப்பானில் அப்போது எஃப்எம் ரேடியோ 90-க்குக் கீழேயே முடிந்துவிடும், அதனால் அங்கே டிவிக்கு இடம் இருந்தது. நம் ஊரில் 88-லிருந்து 108 வரை எஃப்எம்மின் இடம். இங்கே விற்ற பல டிவிகளின் டியூனர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும். தாண்டாத டிவியாக இருந்தாலும் உள்ளூர் எஃப்எம் நிலையம் உள்ளே புகுந்து படத்தைக் கலைக்கும்.

எப்படியோ நிலையம் பிடித்துவிட்டாலும் அடுத்த முட்டுக்கட்டை ஒலி. ஜப்பான், அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் ஒலி அலை, பட அலையிலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். நம் ஊர் முறையான பால்-பி (PAL-B) டிவி 5.5-இல் தேடும். நிறம் 3.58-இல் வரும், டிவி 4.43-இல் எதிர்பார்க்கும். ஆக, கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படமும் இரைச்சலும். அமெரிக்காவுக்கான டிவி என்றால் கேபிள் முறைக்கு மாற்றி 95, 96-ஆம் சேனலில் வைத்தால் பளிச்சென்று வரும், ஏனென்றால் அங்கே அந்த எண்களுக்கு இதே அலைவரிசைதான். இங்கே அதற்காக அலைவதை விட ஏவி மாற்றிவிடுவது நல்லது.

டப்பா டிவி ஏவி வழியாக என்டிஎஸ்சி 3.58 வாங்குமா என்று மெனுவில் "கலர் சிஸ்டம்" பாருங்கள். ஆட்டோ என்றோ என்டிஎஸ்சி என்றோ இருந்தால் பிரச்சினை இல்லை. பால் மட்டும் என்றால் நிறமில்லாமல் ஓடும். படம் மேலும் கீழும் உருண்டால் வெர்டிகல் ஹோல்ட் திருகி நிறுத்தலாம்.

எல்இடியில் வேறு வம்பு. ஃபேமிகாம் தருவது 240 வரி, ஒன்றுவிட்டு ஒன்று வரையாத படம். பல எல்இடிகளும், எச்டிஎம்ஐ ஆக்கித் தரும் மலிவுப் பெட்டிகளும் அதை 480 இன்டர்லேஸ் என்று தப்பாக நினைத்து இரண்டிரண்டு ஃபிரேமைச் சேர்த்துவிடும். அடிபட்ட பாத்திரம் மின்னுவது சீப்புப் பல் மாதிரித் தெரியும், அல்லது ஆளே காணாமல் போவான். பட்டனுக்கும் படத்துக்கும் இடையில் தாமதமும் சேரும். டிவியில் "கேம் மோட்" போட்டுப் பாருங்கள். செலவு செய்யத் தயார் என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போல 240 வரியைப் புரிந்துகொள்ளும் பெட்டி வேண்டும். டப்பா டிவி இருக்கும்போது எனக்கென்னவோ அதெல்லாம் வீண்.

கேசட்பெட்டி:

நன்றி ரெண்டு பேருக்கும். பெடல் அடாப்டர் போட்டாச்சு, 7805-ல 5.02 வருது. டிவி மெனுல ஆட்டோ, பால், என்டிஎஸ்சி மூணும் இருக்கு. சால்டர்வாசம் அண்ணா, ஏவி சர்க்யூட்டுக்கு என்னென்ன வேணும்? சால்டரிங் தெரியும், 25 வாட் அயர்ன் இருக்கு.

சால்டர்வாசம்:

பாகம் மொத்தம் அம்பது ரூபாய் கூட ஆகாது தம்பி. பிஎன்பி டிரான்சிஸ்டர் 1, 300 ஓம் 1 (330 இருந்தாலும் ஓகே), 110 ஓம் 1 (100-ம் ஓகே), 220 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கப்பாசிட்டர் 1, ஒலிக்கு 10 மைக்ரோஃபாரட் 1, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் 1, மெல்லிய ஷீல்டு ஒயர் அரை மீட்டர்.

டிரான்சிஸ்டர் 2எஸ்ஏ1015, 2என்3906, பிசி557 எதுவா இருந்தாலும் வேலை செய்யும். ஆனா கால் வரிசை மூணுக்கும் வேற வேற. தட்டை முகம் உங்களைப் பாக்க, கால் கீழே: 2எஸ்ஏ1015 எமிட்டர், கலெக்டர், பேஸ், 2என்3906 எமிட்டர், பேஸ், கலெக்டர், பிசி557 கலெக்டர், பேஸ், எமிட்டர். இணையத்துல இருக்கிற படத்தைப் பாத்து பிசி557-ஐ அப்படியே வச்சு "படம் வரல"ன்னு கேக்குறவங்கதான் அதிகம்.

அடிப்பக்கம் சாதா பிளஸ் ஸ்க்ரூ. போர்டுல ஆர்பி2சி02-ன்னு அச்சடிச்ச 40 கால் சிப், அதுதான் படம் வரையுறது (பக்கத்துல ஆர்பி2ஏ03, அதைத் தொட வேண்டாம்). பள்ளம் மேல இருக்கிற மாதிரி பிடிச்சா இடப்பக்கம் கடைசி 20, அதுக்கு நேரெதிர் வலப்பக்கம் கடைசி 21. வீடியோ வெளிய வர்றது 21. டீசால்டரிங் விக் வச்சு அந்த ஒரு காலை மட்டும் சுத்தமா உறிஞ்சி, போர்டிலிருந்து மேல தூக்குங்க. ஒரே மடக்கு, திரும்ப நிமிர்த்தினா முறியும். காலைத் தூக்காம மேலேயே ஒயர் ஒட்டினாலும் படம் வரும்தான், ஆனா பழைய ஆர்எஃப் பாதை கூடவே தொங்கிட்டு இருக்கிறதால திரையில நெட்டு நெட்டா ஜெயில் கம்பி மாதிரி கோடு விழும்.

தூக்கின 21 பேஸுக்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டர்ல இருந்து 300 ஓம் 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டர்ல இருந்து 110 ஓம், அப்புறம் 220-ன் பிளஸ் முனை. மைனஸ் முனை மஞ்சள் சாக்கெட்டுக்கு. 5 வோல்ட்டை அதே சிப்போட 40-ம் காலிலிருந்தும், கிரவுண்டை 20-லிருந்தும் எடுத்து, ரெண்டுக்கும் நடுவுல 0.1 போடுங்க. மொத்த சர்க்யூட்டையும் சிப் பக்கத்துலயே ஒட்டணும். 21-லிருந்து டிரான்சிஸ்டர் வரைக்கும் ஒயர் 2 செ.மீ.க்கு மேல வேணாம். நீளம் கூடினா கோடும் கூடும். கம்பிக் கோடு முழுசா போகாது, அது போர்டோட பிறவிக் குணம். மங்கிப் போகும், அவ்வளவுதான்.

ஒலி: கேசட் சொருகுற ஸ்லாட்டின் 46-ம் பின்னில் எடுங்க, 10 மைக்ரோஃபாரட் வழியா, பிளஸ் முனை மெஷின் பக்கம். சந்தேகம்னா 46-க்கு நேரெதிர்ல இருக்கிறது 16, அது கிரவுண்ட்; மீட்டர்ல பீப் அடிச்சா சரியான இடம்.

டப்பால ஓட்டை போட மனசு வராது. ஷீல்டு ஒயரை வெளிய இழுத்து அதோட முனைல சாக்கெட் வைங்க. இதெல்லாம் வேணாம்னா 1993-ல வந்த ஏவி ஃபேமிகாம் (எச்விசி-101) தேடலாம். சூப்பர் ஃபேமிகாம் கேபிளே அதுக்குப் போதும்.

ஜாய்ஸ்டிக்_ஜமால்:

எனக்குத் தெரிஞ்சு படம் விட்டு விட்டு வந்தா லாக் சிப்போட நாலாம் காலை வெட்டினா சரியாகும். அதையும் சேர்த்து முடிச்சிடுங்க.

சால்டர்வாசம்:

அது என்இஎஸ்-க்கு பாஸ். 1985-ல அமெரிக்காவுக்குப் போனதுலதான் 10என்இஎஸ் லாக் சிப். கேசட்ல இருக்கிற ஜோடியோட பேசலன்னா செகண்டுக்கு ஒரு தடவை ரீசெட் அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும். ஃபேமிகாம்ல அந்த சிப்பே கிடையாது. இதுல திரை ஒரே கலரா நின்னா, இல்ல எழுத்தெல்லாம் சிதறினா, கேசட் பல்லுல அழுக்கு. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காது குடையிற பஞ்சு, பஞ்சு கறுக்கிறது நிக்கிற வரைக்கும் தேய்ங்க. உப்புக் காகிதம் வேணாம், தங்கப் பூச்சு போயிடும். ஊதவும் வேணாம். ஊதினதால ஓடல, எடுத்துத் திரும்பச் சொருகினதால ஓடுச்சு. எச்சில் ஈரம் பல்லை அரிக்கும்.

ஐம்பதுஹெர்ட்ஸ்:

கேசட் கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க. இங்கே விற்ற டிவி கேம் பெரும்பாலும் ஃபேமிகாம் நகல்தான், அவற்றின் கேசட்டும் அதே 60 பின். அதனால் அசலில் சொருகினால் ஓடும். "9999999 இன் 1" உட்பட. (உள்ளே சிப்பை மூடிய கறுப்புப் பொட்டு ஒன்று, உண்மையான ஆட்டம் சில, மிச்சமெல்லாம் அதே ஆட்டத்தின் வேறு லெவல்.) அமெரிக்க என்இஎஸ் கேசட் 72 பின், அதற்கு அடாப்டர் வேண்டும்.

ஆனால் மாரியோவைப் போட்டதும் "என்ன இது, பேய் பிடிச்ச மாதிரி ஓடுது" என்று தோன்றும். மெஷின் கெட்டுப்போகவில்லை. அசல் ஃபேமிகாம் செகண்டுக்கு 60 ஃபிரேம். பால் டிவிக்காகச் செய்த நகல் 50. ஆட்டமும் பாட்டும் ஃபிரேமை எண்ணித்தான் நகரும், ஆகவே நம் காதில் இருப்பது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிய மாரியோ. சுருதி மட்டும் அநேகமாக மாறாது: அசலின் சிபியு 1.79 மெகாஹெர்ட்ஸ், நகலுடையது 1.77. ஐரோப்பிய என்இஎஸ் 1.66, அதில்தான் சுருதியே இறங்கும். சில நகல் சிப்பில் சதுர அலையின் 25, 50 சதவீத அகலங்கள் இடம் மாறியும் இருக்கும், அதனால் அதே பாட்டு வேறு வாத்தியத்தில் வாசித்த மாதிரிக் கேட்கும். "சின்ன வயசு சத்தம்தான் வேணும்" என்பவர்கள் ஜப்பான் மெஷினைத் தேடிப் பயனில்லை. பழைய நகலைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் அசல்.

வாத்து சுடும் துப்பாக்கி எல்இடியில் வேலை செய்யாது, அதற்கு டப்பா டிவியேதான்.

கேசட்பெட்டி:

படம் வந்துருச்சு! கலரும் சரி, கம்பிக் கோடு கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது. ஒரே சிக்கல்: ஜப்பான் கேசட்ல சத்தம் நல்லா வருது, நம்ம ஊர் கேசட் ஒண்ணுல மட்டும் படம் மட்டுமே, சத்தம் சுத்தமா இல்ல. 46-ல தப்பா ஒட்டிட்டேனா?

அலைவரிசை95:

இல்லை, ஒட்டியது சரிதான். ஃபேமிகாமில் ஒலி கேசட் வழியாகச் சுற்றி வரும்: 45-ஆம் பின்னில் கேசட்டுக்குள் போய் 46-இல் திரும்பும். கொனாமி 1989-இல் "அகுமாஜோ டென்செட்சு"வின் விஆர்சி6 சிப்பில் கூடுதல் ஒலிகளைக் கலந்தது இந்த வழியில்தான். சாதாரண கேசட்டில் இரண்டு பின்னையும் ஒரு சிறு செம்புக் கோடு சேர்த்திருக்கும். உங்கள் கேசட்டில் அந்த இரண்டு பல்லில் ஒன்று அழுக்காக இருக்கிறது, அல்லது கோடு அறுந்திருக்கிறது. கேசட்டை வெளியே எடுத்து 45, 46-க்கு நடுவே மீட்டர் வையுங்கள். பீப் வந்தால் ஆல்கஹால் போதும். வராவிட்டால் கேசட்டைத் திறந்து, ஸ்லாட்டில் போகாத மேல் பகுதியில், இரண்டு கோட்டையும் ஒரு மெல்லிய ஒயரால் இணையுங்கள். பல்லின் மேல் சால்டர் வைத்துவிடாதீர்கள், ஸ்லாட் விரிந்துவிடும்.

கேசட்பெட்டி:

பீப் வரல. திறந்து பாத்தா 46-ம் கோட்டுல பச்சை பூத்து அறுந்திருக்கு. ஒயர் போட்டாச்சு, சத்தம் வருது.