குப்பை பிரிப்பதும் கரையைச் சுத்தம் செய்வதும் உண்மையில் யாருக்காவது உதவுகிறதா?

கேள்வி: கரையோரம்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் போடுகிறேன். நேரம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தன்னார்வக் குழுவோடு ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யவும் போகிறேன். இப்போது மகளும் கூட வர ஆரம்பித்திருக்கிறாள்.

என் அண்ணன் மட்டும் விடாமல் கேட்கிறார்: "நீ ஒரு மூட்டை எடுத்தா மறுநாளே ரெண்டு மூட்டை வந்து சேருது. உலகத்துல பிளாஸ்டிக் குப்பையில பத்துல ஒரு பங்குகூட மறுசுழற்சிக்குப் போகலையாம். அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

அவர் சொல்லும் கணக்கு சரியா? சரி என்றால், நான் செய்வதில் எதற்கு உண்மையான பலன் இருக்கிறது, எதற்கு இல்லை? மகள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: நீலவானம்

கணக்கு சரிதான். 2017இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு அது. 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் கழிவாகிப்போனது 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சி ஆனது 9%, எரிக்கப்பட்டது 12%. மீதி 79% குப்பைமேடுகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

ஆனால் உங்கள் அண்ணன் பிளாஸ்டிக்கை மட்டும் வைத்துப் பேசுகிறார். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதைவிடப் பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் சுமார் 95% ஆற்றல் மிச்சம். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. காகிதத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இழை குட்டையாகும். அப்படியும் ஐந்து முதல் ஏழு முறை தாங்கும்.

பதில் 2: தரம்பிரிப்பு மேசை

நான் பல வருடங்களாக உலர் கழிவு தரம் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் வீட்டுப் பை கடைசியில் என்னைப் போன்ற ஒருத்தியின் முன்னால்தான் கொட்டப்படுகிறது. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மேசையில் பையைக் கொட்டியதும் முதலில் பார்ப்பது காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பதைத்தான். மீந்துபோன குழம்பு ஒரு டப்பாவிலிருந்து ஒழுகியிருந்தால் அந்தப் பையில் இருக்கிற காகிதம் முழுக்க வீண். காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கூழாக்குவார்கள். இழையில் ஏறிய எண்ணெய் அந்தத் தண்ணீரில் பிரியாது. நல்ல அட்டைப்பெட்டிகளை இப்படித் தூக்கி ஒதுக்கும்போது எனக்கு மனசு வலிக்கும். காய்ந்து வந்த பை என்றால் பார்த்த உடனே கை வேகம் எடுக்கும்.

பிளாஸ்டிக்கை எல்லாம் ஒன்றாக நினைக்கிறோம், அது தவறு. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் தண்ணீர் பாட்டில், 2 என்று போட்ட ஷாம்பு பாட்டில், இரண்டையும் வாங்க ஆள் இருக்கிறது. 5க்கும் பல இடங்களில் இருக்கிறது. 3 என்பது பிவிசி. அது கொஞ்சம் 1ஓடு கலந்துவிட்டாலும் உருக்கும்போது அமிலம் கிளம்பி மொத்தச் சரக்கையும் கெடுக்கும். பளபளவென்று இருக்கும் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கறுப்பு டப்பா வேறு ஒரு சங்கடம். இயந்திரத்தில் பிரிக்கும் இடங்களில் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிப்பார்கள். கறுப்புச் சாயத்தில் இருக்கும் கரி அந்த ஒளியை விழுங்கிவிடும். டப்பா நல்ல பிளாஸ்டிக்காக இருந்தும் இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாமல் குப்பைக்குப் போய்விடும். அந்த 9%க்குப் பின்னால் இப்படிப் பல காரணங்கள் இருக்கின்றன. அதனால் "எப்படியாவது ஆகட்டும்" என்று எல்லாவற்றையும் மறுசுழற்சிப் பையில் போடாதீர்கள். வாங்க ஆளில்லாத பொருள் எங்கள் நேரத்தைத்தான் தின்னும்.

அண்ணன் பலன் என்ன என்று கேட்கிறார் அல்லவா? உலகம் முழுக்கக் குப்பையிலிருந்து பொருள் பிரித்துப் பிழைப்பவர்கள் ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடிப் பேர் இருப்பார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, விடுப்பு கிடையாது. எடை போட்டுத்தான் காசு. நீங்கள் கழுவிக் காயவைத்த ஒரு பாட்டில் அந்த எடையில் சேரும். உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி மேலே எழுதிப் போட்டால் ஒரு விரல் தப்பும். என் கையில் இருக்கிற தழும்புகள் எல்லாம் சுற்றாமல் போட்ட கண்ணாடியும் பிளேடும் கொடுத்தவை. பூமிக்கு எவ்வளவு நன்மை என்று அறிவியல் படித்தவர்கள் கணக்குப் போடட்டும். மனிதருக்கு நன்மை உண்டா என்றால் உண்டு, அதை நான் தினமும் கையில் தொட்டுப் பார்க்கிறேன்.

மக்கும் குப்பையைத் தனியாக வைப்பதும் சின்ன விஷயமில்லை. அது குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். இருபது வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதே குப்பை காற்றோட்டமாக மக்கினால் உரம்.

பதில் 3: எண்ணிப்பார்

சுத்தம் செய்யப் போவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அண்ணன் சொல்வது போல மூட்டை திரும்ப வரத்தான் செய்யும். அதனால் எடுப்பதோடு நிறுத்தாமல், எடுத்ததை வகைப்படுத்தி எண்ணி எழுதிவையுங்கள். என்னைப் பொறுத்தவரை அந்தத் தாள் மூட்டையைவிட முக்கியம்.

ஐரோப்பாவில் கடற்கரைகளில் நூறு மீட்டர் நீளம் அளந்து, அதில் கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் எண்ணும் பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பல இடங்களில் எண்ணியவர்கள் தன்னார்வலர்கள்தான். அங்கே அதிகம் கிடைத்த பத்து வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களைக் குறிவைத்தே 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2021 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி எல்லாம் விற்பனைக்கு வரக்கூடாது என்றானது. 2024இலிருந்து பாட்டில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும். கரையில் மூடிகள் அவ்வளவு கிடைத்தன. குனிந்து எண்ணியவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பட்டியலுக்கு ஆதாரம் எங்கிருந்து வந்திருக்கும்?

எஸ்டோனியாவையும் பாருங்கள். 2008 மே மாதம் ஒரே நாளில் சுமார் 50,000 பேர் இறங்கிக் காடுகளிலும் சாலையோரங்களிலும் கொட்டிக் கிடந்த ஏறத்தாழ 10,000 டன் குப்பையை அள்ளினார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே பதிமூன்று லட்சம்தான். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்த வேலை. எங்கெங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று தன்னார்வலர்கள் தேடிப் போய் வரைபடத்தில் குறித்திருந்தார்கள். அதனால்தான் அன்றைக்கு யார் எங்கே போவது என்ற குழப்பம் இல்லை.

கரையோரம்

மிக்க நன்றி. எண்ணி எழுதும் வேலையை மகளிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், அவளுக்குப் பிடிக்கும். தரம்பிரிப்பு மேசை அக்கா, ஒரு சந்தேகம். கரையில் ஊசி, பழைய பேட்டரி எல்லாம் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

தரம்பிரிப்பு மேசை

ஊசியை மகள் தொடவே கூடாது, அதை முதலிலேயே சொல்லிவையுங்கள். பெரியவர்களும் கையுறை போட்டாலும் விரலால் எடுக்காதீர்கள், ஊசி கையுறையைத் துளைத்துவிடும். இடுக்கியால் எடுங்கள். முனை கீழே இருக்கிற மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஊசிக்கு மூடி போடப் பார்க்காதீர்கள், அப்போது கையில் குத்திவிடலாம். டப்பாவின் மேல் பெரிதாக எழுதி, மருத்துவக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் மறுசுழற்சிப் பையில் வேண்டாம்.

பேட்டரியில் செல்போன், மடிக்கணினி பேட்டரிகள்தான் ஆபத்து. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தானாகத் தீப்பிடிக்கும். குப்பை லாரிக்குள் அழுத்தும்போது இப்படித் தீப்பிடித்த லாரிகள் உண்டு. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மற்ற எதோடும் சேர்க்காமல், மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். உப்பியிருக்கும் பேட்டரியைக் கண்டால் அழுத்தவோ குத்தவோ கூடாது. உலோக வாளியில் மணல் போட்டு அதில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

மகளுடைய எண்ணிக்கைத் தாளில் பேட்டரிக்கு என்று தனி வரிசை ஒன்று போடச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிடைத்தால், யாரோ அங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தாளோடு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகலாம்.