ருமேனியக் கால்பந்து வீரர் ஹாஜியின் ஆட்டத்தில் உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி

கரிசல்மண்:

1994 ஜூலை, உலகக் கோப்பை, ருமேனியா – ஸ்வீடன் காலிறுதி. எங்கள் தெருவுக்கே ஒரு கலர் டிவிதான், பெரியப்பா வீட்டில். ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டம். பெரியப்பா தூங்கிவிட்டார். நானும் அண்ணனும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1-1 ஆகி எக்ஸ்ட்ரா டைம். ருமேனியாவின் ரடுச்சோயு தன் இரண்டாவது கோலையும் போட்டார். அடுத்த நிமிஷமே ஸ்வீடனின் ஷ்வார்ஸ் ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். கையில் ஒரு கோல் முன்னிலை, எதிரில் பத்தே பேர். பந்து ஹாஜியிடம் வந்தது, இடது காலால் நிறுத்தினார், கரண்ட் போய்விட்டது.

திரும்ப வரவேயில்லை. ருமேனியா அரையிறுதிக்குப் போய்விட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். காலையில் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். பேப்பரில் முடிவு வரவில்லை. சாயங்காலம்தான் தெரிந்தது, 115-வது நிமிஷத்தில் கென்னத் ஆண்டர்சன் தலையால் முட்டிச் சமன் செய்தார் என்றும், பெனால்ட்டியில் பெட்ரெஸ்கு, பெலோடெடிச் இருவர் அடித்ததையும் ஸ்வீடன் கோல்கீப்பர் ராவெல்லி தடுத்துவிட்டார் என்றும். அந்த ஒரு பகல் முழுக்க என் கணக்கில் ஹாஜி அரையிறுதியில் இருந்தார். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தென்னங்கீற்று:

எனக்கு அதே உலகக் கோப்பையில் ருமேனியாவின் முதல் ஆட்டம், கொலம்பியாவுடன். முந்தின வருஷம்தான் அர்ஜென்டினாவை அவர்கள் ஊரிலேயே 5-0 என்று அடித்திருந்தது கொலம்பியா. கோப்பையே அவர்களுக்குத்தான் என்று பெலே சொல்லியிருந்தார். நானும் அவர்களின் வால்டர்ராமாவைப் பார்க்கத்தான் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தேன். 34-வது நிமிஷம், இடது எல்லைக்கோட்டை ஒட்டி ஹாஜி. அங்கிருந்து கோலைப் பார்த்து அடிப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. பந்து மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, கோல்கீப்பர் கோர்டோபா பின்னாலேயே நடந்து கையை நீட்டினார், அப்படியே அவர் தலைக்கு மேலாக உள்ளே இறங்கியது. கோர்டோபா நீட்டிய அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அது கிராஸ்தான். யாருக்கோ போட்டது, உள்ளே போய்விட்டது. என் மகளுக்கும் இடது கால், ஒன்பது வயது. அவளுக்குக் காட்டினேன். அவளும் "அது பாஸ்தானே அப்பா" என்றாள்.

வியாசை_பயிற்சியாளர்:

தென்னங்கீற்று, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொல்வது தவறு. கோர்டோபா கோட்டை விட்டு முன்னால் வந்து நின்றதை ஹாஜி பார்த்துவிட்டுத்தான் அடித்தார். ரியல் மாட்ரிட்டில் இருந்தபோது ஒசாசுனாவுக்கு எதிராக ஏறக்குறைய மைதானத்தின் நடுவிலிருந்து ஒன்று போட்டார். பார்சலோனாவுக்கு வந்த பிறகு செல்டாவுக்கு எதிராக இன்னொன்று. மூன்று தடவை ஒரு மனிதனுக்குக் கிராஸ் வழி தவறுமா?

என் கதை சின்னது. எங்கள் பேட்டையில் ஒரு இறுதிப் போட்டியில் அதே மாதிரி அடிக்கப் போய் பந்தை மெயின் ரோட்டுக்கு அனுப்பினேன், கோப்பை போனது. அவ்வளவுதான்.

உங்கள் மகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இடது கால் பிள்ளையை வலது காலுக்கு மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள், விடாதீர்கள். அதற்காக வலது காலை அப்படியே விட்டுவிடவும் கூடாது. தினமும் சுவரில் நூறு தடவை இடது என்றால் ஐம்பது தடவை வலது. ஒன்பது வயதுக்கு நாலாம் நம்பர் பந்து போதும், ஐந்தாம் நம்பர் வேண்டாம். தூரத்திலிருந்து அடிக்கும் பயிற்சி இப்போதைக்குக் கூடவே கூடாது, இடுப்பும் முட்டியும் அதைத் தாங்காது. பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கப் பழக்குங்கள். ஹாஜியின் வித்தை பாதி அதில்தான் இருந்தது. பந்து வந்து சேரும்போது மைதானம் முழுக்க அவர் தலைக்குள் இருக்கும். அடிக்கும்போது ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. வெறுங்காலில் மணலில் கொஞ்சம் ஆட விடுங்கள். ஷூ வாங்கும்போது "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள், தொடுகையே கெட்டுப்போகும். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.

லாசப்பல்_நேசன்:

1998, பாரிஸ். தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் இருந்து சென் டெனி மைதானம் கிட்டத்தான். ருமேனியா – துனிசியா ஆட்டத்துக்கு எங்கள் கடைப் பெடியள் மூன்று பேர் டிக்கெட் எடுத்துப் போனோம். நான் போனது ஹாஜிக்காக மட்டும். நாலு நாளைக்கு முன்னம் துலூசில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றிருந்தார்கள். அதில் மொல்டோவானுக்கு ஹாஜி பந்தைத் தூக்கிக் கொடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு இரவெல்லாம் அதையே கதைத்தோம்.

அணி உள்ளே வருகிறது, எல்லார் தலையும் மஞ்சள்! அடுத்த சுற்றுக்குப் போனதைக் கொண்டாட மொத்த அணியும் முடிக்குச் சாயம் அடித்திருந்தது. மொட்டைத் தலை கோல்கீப்பர் ஸ்டெலியா மட்டும்தான் மிச்சம். நாங்கள் இருந்ததோ மேல் தட்டு. முதுகு இலக்கம் வடிவாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பார்க்கக் காத்திருந்த ஆள் முன்னால் நிற்கிறார், எனக்கு அடையாளம் தெரியவில்லை. பதறிப்போனேன். பிறகு ஒரு மஞ்சள் தலை, குட்டையான ஆள், ஓடாமல் நின்ற இடத்திலிருந்து இடது காலால் மைதானத்தின் மற்றப் பக்கத்துக்கு ஒரு பந்து அனுப்பினார். அது நேராகக் காலில் போய் விழுந்தது. "அதுதான், அதுதான்" என்று நான் எழும்பிக் கத்தியது எனக்கே ஞாபகம் இருக்கு. ஆட்டம் 1-1. அதெல்லாம் பெரிதில்லை.

நாலே நாளில் பிரான்சின் போர்டோவில் குரோஷியாவோடு தோற்றார்கள், சூக்கரின் பெனால்ட்டி. இரண்டாம் பாதியில் ஹாஜியை வெளியே எடுத்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் யோர்டனெஸ்குவை நான் அதற்காக இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய_ஸ்கோர்புக்:

எல்லோரும் உலகக் கோப்பையையே சொல்கிறீர்கள். "மாட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் சோபிக்காதவர்" என்று ஹாஜியை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல, பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அதுதான் என்னை உறுத்துகிறது. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். மாட்ரிட்டிலிருந்து 1992-ல் இத்தாலியில் ப்ரெஷாவுக்குப் போனார், லுச்செஸ்கு பயிற்சியாளர். முதல் வருஷமே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. 1993-94 முழுக்க அங்கேயே ஆடி மறுபடி மேலே கொண்டுவந்தார். அந்தக் கொலம்பியா கோலை அடித்தபோது அவர் இரண்டாம் பிரிவிலிருந்து வந்த ஆட்டக்காரர், சார். அர்ஜென்டினாவை 3-2 என்று வெளியேற்றியதும் அப்படித்தான். பார்சலோனா பயிற்சியாளர் க்ரைஃப் கூப்பிட்டது அதற்கு அப்புறம்.

இன்னொன்று, "கார்பத்திய மரடோனா" என்று யாரும் எழுதாதீர்கள். கார்பத்திய மலைக்கும் அவருக்கும் என்ன? அவர் பிறந்தது கருங்கடல் பக்கம், கான்ஸ்டன்ட்சா மாவட்டத்தில் சசெலெ என்ற கிராமம். அவர்கள் ஊரில் அவர் பெயர் 'ரெஜெலெ', ராஜா. அது போதும்.

என்ஜின்ரூம்:

2000 மே 17. எங்கள் கப்பல் இஸ்தான்புல்லில் நங்கூரம் போட்டிருந்தது. கராக்கோயில் ஒரு டீக்கடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். கோபன்ஹேகனில் ஹாஜியின் துருக்கி கிளப் கலாதசராய் – இங்கிலாந்தின் ஆர்செனல், யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி. துருக்கி கிளப் எதுவும் அதற்கு முன் ஐரோப்பியக் கோப்பை வென்றதில்லை. எக்ஸ்ட்ரா டைமில் ஹாஜி டோனி ஆடம்ஸோடு மல்லுக்கட்டி ரெட் கார்டு வாங்கினார். 35 வயது, நாலு வருஷம் தொடர்ந்து லீக் ஜெயித்துக் கொடுத்தவர், பெரிய ராத்திரியில் இப்படி.

கடையில் ஒருவரும் திட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் டிவியைப் பார்த்துக் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். மொழி தெரியாத இடத்தில் நானும் தட்டினேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

பெனால்ட்டிக்குப் போனது. லாசப்பல்_நேசன், இது உங்களுக்காக: ஆர்செனலுக்காக முதலில் அடிக்க வந்தவர் அதே சூக்கர். கம்பத்தில் அடித்தார். வியெராவும் தவறவிட்டார். கடைசிப் பந்தைக் கலாதசராய்க்காக வைத்தவர் போபெஸ்கு, ஹாஜியின் சகலை. உள்ளே போனதும் கடையில் ஒரு டம்ளர் மிஞ்சவில்லை. துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. எங்கள் கப்பலும் அடித்தது, யார் அடித்தார்கள் என்று கடைசி வரை கேப்டனுக்குத் தெரியாது.

தென்னங்கீற்று:

பயிற்சியாளர் அண்ணே, நாலாம் நம்பர் பந்து வாங்கியாச்சு. ஆனாலும் கிராஸ்தான்.

கரிசல்மண்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்கணும். அந்த ஸ்வீடன் ஆட்டம் முழுசாக இணையத்தில் கிடக்கிறது. பல தடவை போட்டிருக்கிறேன், ரடுச்சோயு கோல், ஷ்வார்ஸ் வெளியே போவது, அதோடு நிறுத்திவிடுவேன். ஆண்டர்சன் முட்டியதை இன்றுவரை பார்த்ததில்லை. கோல்கீப்பர் ப்ருனியா வெளியே வந்து ஏமாந்ததாகப் படித்திருக்கிறேன். அன்று கரண்ட் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அப்போது ஹாஜி எங்கே நின்றுகொண்டிருந்தார்?