ஆர்வெல்லின் யானை: 8 கஜமா, 80 கஜமா?

பழுப்புத்தாள்: ஜார்ஜ் ஆர்வெல்லோட 'ஷூட்டிங் ஆன் எலிஃபண்ட்' கட்டுரைத் தொகுப்பை (1950) புதுசா கண்டெடுத்த ஒருத்தர் பக்கத்து இழையில் "நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கார்"னு உருகியிருக்கார். அய்யா, பர்மாவுல போலீஸ் அதிகாரியா இருந்தப்போ ஒரு யானையைச் சுட்டதா சொல்ற தலைப்புக் கட்டுரைல, யானை ரோட்டுல இருந்து 8 கஜம் தள்ளி நிக்குது. 24 அடி! ஒரு ஆளை மிதிச்சுக் கொன்ன யானை. அதுக்கு எதிர்ல ரோட்டுல படுத்துக் குறி பார்த்தாராம்.

ராத்திரிவாசகன்: 80 கஜம். இணையத்துல சுத்துற ஓசிப் பிரதில 'எய்ட்டி', 'எய்ட்' ஆயிடுச்சு. கொஞ்சம் தள்ளிப் படிங்க: 25 கஜம் வரைக்கும் நடந்து போய்ப் பாயுதான்னு பார்க்கணும்னு யோசிக்கிறார். 8 கஜத்துல நிக்கிற யானையை 25 வரைக்கும் எப்படி நெருங்குறது, பின்னாடி நடந்தா?

பழுப்புத்தாள்: என் பிரதில 8. அப்போ 25தான் உளறல். அவர் சுட்டாரான்னே வாழ்க்கை வரலாறு எழுதின பெர்னார்ட் கிரிக் சந்தேகப்பட்டிருக்கார்.

தூத்துக்குடியான்: முதல்ல அபுனைவுன்னா என்னன்னு யாராவது சொல்லுங்கப்பா.

ராத்திரிவாசகன்: கற்பனை கலக்காம எழுதுறதுதான் அபுனைவு. கதை விடுறவன் தன்னையே குறி தெரியாதவனாவா காட்டுவான்? பக்கவாட்டுல நிக்கிற யானைக்கு ஒரு காதுத்துளைல இருந்து மறு துளைக்குக் கம்பி ஓடுறதா நினைச்சு, நேரா துளையிலேயே சுடணும். இவர் மூளை இன்னும் முன்னாடி இருக்கும்னு நினைச்சு சில அங்குலம் தள்ளிச் சுட்டார். வந்த தோட்டா அஞ்சு. மூணாவதுல விழுந்துச்சு. மீதி ரெண்டும் நெஞ்சுல. அப்பவும் மூச்சு நிக்கல. சின்னத் துப்பாக்கியால தொண்டைக்குள்ளேயும் சுட்டார். சாக அரை மணி நேரம். கணக்கு இடிக்குதா?

பழுப்புத்தாள்: தோட்டாவை யார் கேட்டா? 8 கஜத்துக்குப் பதில் சொல்லுங்க.

கோதாவரிக்கரை: யானை மிதிச்சுச் செத்த கூலியைத் தமிழன்னு போன மாசம் இங்கதான் அடிச்சு விட்டீங்க. கட்டுரைல 'திராவிடக் கூலி', கடைசில வெள்ளைக்காரங்க வாயில 'கோரிங்கி கூலி'. கோரிங்கி காக்கிநாடா பக்கத்துல இருந்த பழைய துறைமுகம். பர்மாவுல தெலுங்குக்காரங்களுக்கு அப்போ அந்தப் பேரு.

ராத்திரிவாசகன்: அடிச்சு விட்டது நான் இல்ல. ஆளை மாத்தித் திட்டாதீங்க.

கோதாவரிக்கரை: லைக் போட்டது யாரு?

பழுப்புத்தாள்: இங்கிலாந்துல விகன்ங்கிற ஊருக்குப் போய் ஆர்வெல் எழுதின 'தி ரோட் டு விகன் பியர்' புத்தகத்தையும் சொல்லட்டா? சாக்கடைக் குழாயைக் குச்சியால குத்துற பொண்ணை 1936 டைரிப்படி சந்துல நடந்து போறப்போ பார்த்தார். புத்தகத்துல ரயில்ல இருந்து பார்த்ததா மாத்திட்டார்.

ராத்திரிவாசகன்: அது வேற புத்தகம். இந்தத் தொகுப்புல இருக்கிற 'எ ஹேங்கிங்' படிங்க. தூக்குமேடைக்கு இன்னும் 40 கஜம். ரெண்டு வார்டர் தோளைப் பிடிச்சிருக்காங்க. அப்பவும் அந்தக் கைதி தண்ணி தேங்கின இடத்தைப் பார்த்து லேசா ஒதுங்கி நடக்கிறான். அந்த ஒரு எட்டுக்காகவே புத்தகம் வாங்கலாம்.

பழுப்புத்தாள்: அதுவும் 40 கஜமா, 4 கஜமா? உங்க பதிப்புல பூஜ்யம் தாராளமா வருது.

ராத்திரிவாசகன்: அச்சுப் புத்தகம் வாங்கிப் பாருங்க சார். காசு செலவாகும்தான்.

தூத்துக்குடியான்: எந்தப் பதிப்பு வாங்கணும்?

கோதாவரிக்கரை: லைக்கை இன்னும் எடுக்கல.

பழுப்புத்தாள்: 8 கஜம். ஸ்கிரீன்ஷாட் நாளைக்குப் போடுறேன்.