எக்செலில் மவுஸைத் தொடாமல் பெயர் நிரப்புவது எப்படி?

கேள்வி: பேரேடு
வணக்கம். டேலி கணக்கு மென்பொருளில் இருந்து எக்செலுக்கு எடுத்த விற்பனைப் பட்டியல், சுமார் 8,000 வரிசை. ஏ நெடுவரிசையில் வாடிக்கையாளர் பெயர் முதல் பில்லுக்கு எதிரே மட்டும் இருக்கிறது. அவருடைய மற்ற பில்களுக்கு எதிரே வெற்றிடம். பி நெடுவரிசையில் பில் எண் எல்லா வரிசையிலும் உண்டு. ஒவ்வொரு பெயரையும் மவுஸால் கீழே இழுத்து நிரப்பினால் அரை நாள் போய்விடுகிறது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+கீழ் அம்பு அழுத்தினால் அடுத்த பெயரிலேயே நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் எஃப்4 தட்டினால் டாலர் குறி வராமல் ஒலி அளவு மாறுகிறது. நடுநடுவே ஆங்கிலம் போய்த் தமிழ் எழுத்து விழுகிறது. எக்செல் 2016, விண்டோஸ் 10.

பதில் 1: கட்டம்
கன்ட்ரோலோடு அம்பு சேர்ந்தால், நிரம்பிய செல்லும் வெற்றுச் செல்லும் மாறும் இடத்தில் நிற்கும். அதனால் ஓட்டை விழுந்த ஏ-யில் இறங்காதீர்கள், முழுதாக நிரம்பிய பி-யில் இறங்குங்கள். பி1-இல் நின்று கன்ட்ரோல்+கீழ் அம்பு அடித்தால் கடைசி பில். அங்கிருந்து இடது அம்பு ஒரு முறை, பிறகு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஹோம். ஏ1 வரை மொத்தமும் தேர்வாகிவிடும்.

இப்போது கன்ட்ரோல்+ஜி. வரும் பெட்டியில் ஆல்ட்+எஸ், அடுத்ததில் கே, என்டர். வெற்றுச் செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். எங்கும் கிளிக் செய்யாமல் சமக்குறி போட்டு, மேல் அம்பு ஒரு முறை, பிறகு கன்ட்ரோல்+என்டர். வெறும் என்டர் தட்டினால் ஒரே ஒரு செல்தான் நிரம்பும். பலரும் தவறுவது இங்கேதான்.

வேலை இதோடு முடியவில்லை. நிரம்பியதெல்லாம் "மேலே உள்ள செல்லைப் பார்" என்கிற ஃபார்முலா. இப்படியே விட்டு தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் (sort) பில்கள் வேறு பெயருக்குத் தாவும், எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. அதனால் உடனே கன்ட்ரோல்+ஸ்பேஸ் (நெடுவரிசை முழுதும் தேர்வாகும்), கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+ஆல்ட்+வி, வி, என்டர். ஃபார்முலா போய்ப் பெயர் மட்டும் நிற்கும். மைக்ரோசாஃப்ட் 365-இல் இதற்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி போதும். 2016-இல் அது கிடையாது.

பதில் 2: பேரேடு
மிக்க நன்றி. செய்து பார்த்தேன், கே, என்டர் தட்டியதும் "நோ செல்ஸ் வேர் ஃபவுண்ட்" என்று வருகிறது. செல்கள் பார்க்க வெறுமையாகத்தான் இருக்கின்றன.

பதில் 3: நிகரம்
பார்வைக்கு வெறுமை, உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு செல்லில் நின்று எஃப்2 தட்டுங்கள். கர்சர் இடது ஓரத்தில் இருந்து சற்றுத் தள்ளி நின்றால் உள்ளே ஸ்பேஸ். அப்படியானால் ஏ-யைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எச், மேல் கட்டத்தில் ஒரு ஸ்பேஸ், கீழ்க் கட்டம் காலி. ரீப்ளேஸ் ஆல் தட்டும் முன் ஆப்ஷன்ஸைத் திறந்து "மேட்ச் என்டயர் செல் கன்டென்ட்ஸ்" டிக் செய்தே ஆக வேண்டும். மறந்தால் பெயர்களுக்குள் இருக்கும் இடைவெளியும் அழிந்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கர்சர் ஓரத்திலேயே நின்றால் நீளமில்லாத டெக்ஸ்ட், அதாவது ஓர் எழுத்தும் இல்லாவிட்டாலும் எக்செல் வெற்றுச் செல்லாக எண்ணாதது. ஏ-யைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஏ, இ என்று ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிட்டுத் தட்டுங்கள், சேர்த்து அழுத்தக் கூடாது. டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறக்கும். டிலிமிட்டட், நெக்ஸ்ட், டேப் மட்டும் டிக், ஃபினிஷ். கமா டிக் இருந்தால் "அன்ட் கோ, மதுரை" என்கிற பெயர் இரண்டாக உடைந்து பில் எண் மேல் ஏறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நிரப்பிய பிறகு பெயருக்குப் பதில் சமக்குறியும் ஏ2-வும் அப்படியே தெரிந்தால், அந்த நெடுவரிசை டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் இருக்கிறது. கன்ட்ரோல்+இசட் போட்டு, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டில்டே (எண் 1-க்கு இடப்பக்க விசை) தட்டி ஜெனரலுக்கு மாற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

பதில் 4: கட்டம்
நிகரம் சொன்னது சரி. மிச்சக் கேள்விகளுக்கு வருகிறேன்.

எஃப்4: எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்பில் எஃப்என்+எஸ்கேப் ஒரு முறை தட்டினால் மேல் வரிசை நிரந்தரமாக எஃப்1, எஃப்2 ஆகிவிடும். ஜிஎஸ்டி விகிதம் ஒரே செல்லில் இருந்தால், ஃபார்முலாவில் அதன் பெயர் மேல் கர்சரை வைத்து ஒரு முறை தட்டினால் டாலர் குறி விழுந்து வரிசை, நெடுவரிசை இரண்டும் பூட்டும் (ஃபார்முலாவை வேறு இடத்துக்கு காப்பி செய்தாலும் மாறாது), இரண்டாம் முறை வரிசை மட்டும், மூன்றாம் முறை நெடுவரிசை மட்டும், நான்காம் முறை பூட்டு திறந்துவிடும்.

தமிழ் எழுத்து விழக் காரணம் இடது ஆல்ட்+ஷிஃப்ட். வேறு ஷார்ட்கட்டுக்குக் கை வைத்துப் பாதியில் விட்டால் விண்டோஸ் அதை மொழி மாற்றமாக எடுத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ், சேஞ்ச் கீ சீக்வென்ஸ், இரண்டு பக்கமும் நாட் அசைன்டு. மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸ் எப்போதும் போல வேலை செய்யும்.

பதில் 5: நிகரம்
பெயர் நிரப்பியதும் ஃபில்டர் (கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எல்) போட்டு "வசூல்" என்று குறிக்கப் போகிறீர்கள் என்றால், செல்களைத் தேர்ந்தெடுத்ததும் ஆல்ட்+அரைப்புள்ளி தட்டிவிட்டு டைப் செய்து கன்ட்ரோல்+என்டர் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளில் மட்டும் விழும். ஃபில்டர் போட்ட பட்டியலில் வெளியே இருந்து நீளமாக காப்பி செய்து பேஸ்ட் செய்யாதீர்கள், மறைந்திருக்கும் வரிசைகளிலும் போய் எழுதிவிடும்.