மரவள்ளி இலைக்கு டிக் புரோப்: நோயில்லாத இலையும் ஊதாவாகுது

இரணைமடுத் தண்ணி (கிளிநொச்சி):
எல்லாருக்கும் வணக்கம். அறிவியல் நகரில பட்டப்பின் படிப்பு செய்யிறன். விசுவமடு, தருமபுரம் பக்கத் தோட்டங்களில எடுத்த மரவள்ளி இலையில மொசைக் வைரசு இருக்கோ எண்டு டொட் புளொட்டில (சாற்றை மென்சவ்வில புள்ளியா வைச்சு, தேடுற டிஎன்ஏ அதில இருக்கோ எண்டு பாக்கிற முறை) பாக்கிறன். கதிர்த்தொழிற்பாட்டுப் பொசுபரசு இஞ்ச சரிவராது, அனுமதி ஒரு பக்கம், 14 நாளில பாதியாகிப் போறது இன்னொரு பக்கம். அதால புரோப்புக்கு, அதாவது வைரசின்ர டிஎன்ஏயில போய் ஒட்டுற டிஎன்ஏ துண்டுக்கு, அடையாளமா டிகொக்சிஜெனின் (சுருக்கமா டிக்) எண்ட மூலக்கூறு. வைரசின்ர கோதுப் புரத ஜீன் ஏத்தின பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏ) முழுசா எடுத்து ரண்டம் பிரைமிங்கில (கண்ட இடத்தில ஒட்டுற சிறு துண்டுகளில தொடங்கிப் புது இழை செய்யிற முறை) டிக் ஏத்தி லேபல் பண்ணினன். இலையை வெறும் பவரில (buffer, தாங்கற் கரைசல்) அரைச்சு, நைலோன் மென்சவ்வில புள்ளி வைச்சு, 80 பாகையில 2 மணித்தியாலம் சூடாக்கி, இரவு முழுக்க புரோப்போட 42 பாகையில விட்டன். பிறகு அன்ரிபொடி (டிக்கைப் பிடிக்கிற, நொதியம் பூட்டின புரதம்), என்பிரி-பிசிஐபி நிறம் (அந்த நொதியம் இருக்கிற இடத்தில ஊதாவாகிற கரைசல்). பிளாஸ்மிட் புள்ளி வடிவா வருது. ஆனா நோயில்லாத இலையும் ஊதா! மேற்பார்வையாளர் புளொக்கிங்கை (அன்ரிபொடி கண்ட இடத்தில ஒட்டாமல் மென்சவ்வை மூடுறது) கூட்டச் சொல்லுறார். கிணத்துத் தண்ணியில பிழையோ? இரவில கறண்டும் கொஞ்ச நேரம் நிண்டது.

பண்டாரிகுளம் (வவுனியா):
கறண்ட் நிண்டா அவணின்ர சூடு இறங்கும், கண்டபடி ஒட்டும். ஆனா அதைக் கழுவலில பிடிக்கலாம்: 0.1 மடங்கு எஸ்எஸ்சி (உப்புக் கரைசல்), 68 பாகை, 15 நிமிசமா இரண்டு தரம். அதுக்கு முதல் மென்சவ்வைக் காயவிடாதீங்கோ. காய்ஞ்சா ஒட்டின புரோப் பிறகு கழராது.

மன்னார்க் காத்து:
தங்கச்சி, நான் ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தர். புளொக்கிங்கை இப்போதைக்குத் தொடாதீங்கோ. நிறம் எங்கயிருந்து வருது எண்டு தெரியாமல் அதைக் கூட்டிக் குறைச்சுக் கொண்டிருந்தா மென்சவ்வுக் காசுதான் போகும்.

ஒரே இலைச்சாற்றை மூண்டு துண்டு மென்சவ்வில வையுங்கோ. முதல் துண்டுக்கு நிறக்கரைசல் மட்டும். அதில ஊதா வந்தா அது இலையின்ர சொந்தப் பொஸ்பற்றேசு, உங்கட அன்ரிபொடியில இருக்கிற நொதியம் செய்யிற அதே வேலையை அது செய்யுது. இரண்டாவதுக்கு அன்ரிபொடியும் நிறமும், புரோப் இல்லை. முதலாவது வெள்ளையா நிண்டு இதில ஊதா வந்தாத்தான் புளொக்கிங் கதை. மூண்டாவதுக்கு எல்லாம். அதில மட்டும் வந்தா புரோப்பையும் கழுவலையும் பாருங்கோ.

என்ர சந்தேகம் முதல் துண்டில. பவரில அரைச்சா நொதியம் சாகாது, உலர் சூட்டையும் முழுக்க நம்பேலாது. சோடியம் ஐதரொட்சைட்டில அரையுங்கோ: நொதியமும் கெடும், டிஎன்ஏ இழையும் பிரியும். நிறம் போட முதல் மென்சவ்வை ஒரு படம் எடுத்து வையுங்கோ, இலைப்பச்சை காய்ஞ்சு நிக்கிற அழுக்கு நிறத்தையே சிலர் ஊதா எண்டு எழுதிப் போடுவினம்.

அடுத்தது, பிளாஸ்மிட் புள்ளி வருது எண்டு சந்தோசப்படாதீங்கோ. அந்த ஜீன் 770 காரச்சோடி அளவு, வெக்ரர் (ஜீனைச் சுமக்கிற மிச்சப் பிளாஸ்மிட்) அதைவிடப் பல மடங்கு. முழுசா லேபல் பண்ணின புரோப்பில பெரும்பங்கு வெக்ரர்தான். அதைக் கொண்டு அதே பிளாஸ்மிட்டைப் பாக்கிறது கண்ணாடியில தன்ர முகத்தைப் பாத்து ஊரில ஆள் இருக்கு எண்டு சொல்லுற மாதிரி. ஜீனை மட்டும் பிசிஆரில லேபல் பண்ணுங்கோ. டிரிரிபியில (டிஎன்ஏ கட்டுற நாலு கல்லில ஒண்டு) மூண்டில ஒரு பங்களவுக்குப் பதிலா டிக்-டியுரிபி (அந்த இடத்தில போற, டிக் ஏத்தின கல்). லேபல் இல்லாமலும் ஒண்டு செய்து இரண்டையும் ஜெல்லில பக்கத்தில பக்கத்தில ஓட்டினா, லேபல் ஏறினது பாரத்தால பின்தங்கி மேல நிக்கும். பிறகு புரோப்பைப் பத்துப் பத்து மடங்கா ஐதாக்கி, மென்சவ்வில வைச்சு, நேர அன்ரிபொடிக்குப் போங்கோ. 0.1 பிக்கோகிராம் புள்ளி தெரிஞ்சா லேபல் நல்லம்.

தண்ணியில பிழையில்லை. கிணத்துச் சுண்ணாம்பு ஊதாப் புள்ளி போடாது, எண்டாலும் பவருக்கு வடிச்ச தண்ணிதான். பிபிஎஸ்ஸால (பொசுபேற்று உள்ள உப்புக் கரைசல்) மட்டும் கழுவாதீங்கோ, பொசுபேற்று அன்ரிபொடியில இருக்கிற நொதியத்தை அமத்திப் போடும்.

முறிகண்டிக் கச்சான்:
இவ்வளவு பாடு படாமல் பயோட்டின் பாவிக்கலாமே? மலிவு.

மன்னார்க் காத்து:
தம்பி, சுத்தப்படுத்தின டிஎன்ஏ எண்டா நானும் ஓம் எண்டுவன். இது அரைச்ச சாறு. பயோட்டின் விற்றமின், இலையே அதைச் செய்யும், புரதத்தோட ஒட்டியும் கிடக்கும். பயோட்டின் புரோப்பைப் பிடிக்கப் போடுற ஸ்ரெப்ராவிடின் எண்ட புரதம் அதையும் பிடிக்கும். டிகொக்சிஜெனின் டிஜிற்றாலிஸ் செடிச் சரக்கு, மரவள்ளியில கிடையாது.

இரணைமடுத் தண்ணி:
நன்றி அக்கா. திங்கள் மூண்டு துண்டும் போடுறன். பாவிச்ச புரோப் கரைசலை ஊத்தவோ, வைக்கவோ?

மன்னார்க் காத்து:
ஊத்தாதீங்கோ! குளிரூட்டியில மைனஸ் 20இல வையுங்கோ, திருப்பித் திருப்பிப் பாவிக்கலாம். திரும்பப் பாவிக்க முதல் இழை பிரிய வேணும்; போமமைட் (இழை பிரியிற சூட்டைக் குறைக்கிற பொருள்) இருக்கிற கரைசலைக் கொதிக்க வைக்காமல் 68 பாகையில 10 நிமிசம் வைச்சாக் காணும்.