கொலினியாரிட்டி: நிரல்நிறை என்று சொல்லலாமா?

வணக்கம்.

கொலினியாரிட்டி (colinearity) என்ற மரபியல் சொல்லுக்கு 'ஒருகோட்டுத்தன்மை' போதும் என்று குடியாத்தம் ஐயா எழுதியிருந்தார். ஐயா, அதை இங்கே வேலூரில் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதாகத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. இங்கே சங்கதி, குரோமோசோமில் மரபணுக்கள் இருக்கும் வரிசையும் உடலில் அவை வேலை செய்யும் இடங்களின் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்துவது.

சுண்டெலிக் கருவில் தலைமுதல் வால்வரை எந்த இடம் என்னவாக வேண்டும் என்று வகுப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். மொத்தம் 39, நான்கு குரோமோசோம்களில் நான்கு கொத்துகள். 1ஆம் எண் தலைப்பக்கம், 13ஆம் எண் வால்பக்கம். இடையில் உள்ளவையும் அதே வரிசை. பழ ஈயில் இந்தப் பொருத்தத்தை மரபியலாளர் எட்வர்ட் லூயிஸ் 1978இல் எழுதினார்.

பள்ளியில் படித்த நிரல்நிறை அணி இதேதான். 'அன்பும் அறனும்' என்று தொடங்கும் குறளில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். வரிசையாக வைத்த சொல்லுக்கு வரிசையாகவே பொருள்.

போன ஞாயிறு சத்துவாச்சாரி கறிக்கடையில், தொங்கிய ஆட்டின் முதுகெலும்பைக் கண்ணால் எண்ணிக்கொண்டே நின்றேன். விலா 13 ஜோடி. அப்புறம் சட்டென்று விலா இல்லாத இடுப்பு முள். சுண்டெலிக்கும் 13தான். அதில் வெவ்வேறு கொத்துகளில் உள்ள 10ஆம் எண் ஹாக்ஸ் மூன்றையும் முடக்கினால் இடுப்பு முள்ளிலும் விலா முளைக்கிறது. வெலிக், கப்பெக்கி என்ற ஆய்வாளர்கள் 2003இல் காட்டியது. நிரலில் ஒரு சொல் விழுந்தால் அதன் பொருளும் போய்விடுகிறது, பாருங்கள்!

மரபணுவைச் செல் படியெடுக்கும் திசையில் படித்தால் 13தான் முன்னே வருகிறது, அப்போது வரிசை தலைகீழாகப் பொருந்தும் எதிர்நிரல்நிறை ஆகாதா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வாளர்கள் எண்ணிட்டது தலைப்பக்கத்திலிருந்து. அந்த எண்ணையே நிரலாகக் கொள்வோம். கரு வளரும்போது 1ஆம் எண் முதலில் விழித்து, அதாவது வேலையைத் தொடங்கி, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் விழிப்பதும் உண்டு. அதற்குக் காலநிரல்நிறை, உடலில் அமைவதற்கு இடநிரல்நிறை. இப்படி ஒட்டிக்கொள்ள இடம் தருவதால்தான் இந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை.

ஹாக்ஸ், ஹாக்ஸ் ஆகவே இருக்கட்டும்.

இன்னொன்று. வெவ்வேறு கொத்துகளில் ஒரே எண்ணில் இருப்பவற்றைப் பேராலாக் என்கிறோம். ஒரே மூதாதை மரபணு இரட்டித்துப் பிரிந்து, தனித்தனிக் கொத்தில் குடியேறியவை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட உறவுக்குப் பங்காளி என்றுதான் பெயர். 'பங்காளி மரபணு' என்று பாடத்தில் எழுதலாமா, ஐயா?

அன்புடன்,
வேலூரிலிருந்து