மூன்று கேபியா, நாலு கேபியா: ஜாங்கோவில் ப்ரியாக்ட் சேர்த்த வழக்கு

ஐந்துரோடு:
"ஏற்காட்டு விடுதி ஒன்றின் ஜாங்கோ தளத்தில் ப்ரியாக்ட் சேர்த்தேன், வெறும் 3 கேபிதான், தளம் பறக்கிறது" என்று நேற்று இரவு கொண்டைஊசி20 இங்கே எழுதியிருந்தார். தெரியாதவர்களுக்கு: ஜாங்கோ என்பது இணையதளம் கட்டும் பைதான் சட்டகம்; ப்ரியாக்ட் என்பது பக்கத்தின் பகுதிகளை பிரவுசரிலேயே மாற்றும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு ஒரு குட்டி மாற்று. படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மூன்று கேபியாம், அதாவது மூன்று கிலோபைட்டாம்! ப்ரியாக்டின் தள முகப்பில் எழுதியிருப்பதை அப்படியே பெயர்த்து ஒட்டியிருக்கிறார். அது அனுப்புவதற்காக ஜிஜிப் முறையில் சுருக்கிய கணக்கு, அதுவும் பழைய கணக்கு. 2015இல் ஜேசன் மில்லர் அதை எழுதிய காலத்தில் 3 என்றால் சரி. இன்றைய பத்தாம் பதிப்பு சுருக்கினாலே நாலைத் தாண்டுகிறது, விரித்தால் பத்துக்கு மேல் போகிறது. சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசி தெரியாதா? காய்ந்த ஜவ்வரிசியை அளந்துவிட்டு, ஊறியதும் அவ்வளவுதான் இருக்கும் என்று சொல்வது போல இருக்கிறது.

கொண்டைஊசி20:
வணக்கம் அண்ணே. நான் செய்தது என்ன என்பதையும் கொஞ்சம் படித்திருக்கலாம். அந்தத் தளத்தில் தேதியை மாற்றினால் முழுப் பக்கமும் மறுபடி ஏறும். கோடை விழா சமயத்தில் மலை ஏறிக்கொண்டே அறை தேடுகிறார்கள். வளைவில் சிக்னல் போனால் பக்கமும் போய்விடும், தேர்ந்தெடுத்த தேதியும் போய்விடும். அதனால் நாள்காட்டியையும் வாடகைக் கணக்கையும் மட்டும் ப்ரியாக்டில் எழுதினேன். மற்றதெல்லாம் சர்வரே தயாரித்து அனுப்பும் ஜாங்கோ டெம்ப்ளேட்தான். எச்.டி.எம் என்ற குட்டி நூலகத்தோடு சேர்த்தால் பில்டு, அதாவது நிரலை முன்கூட்டியே மாற்றித் தொகுக்கும் வேலை, எதுவும் வேண்டாம், ஒரு ஸ்கிரிப்ட் டேக் போதும். போனுக்கு வந்து சேர்வது சுருக்கிய கோப்புதானே? அப்புறம் நான் ஏன் விரித்த கணக்கைச் சொல்ல வேண்டும்?

ஐந்துரோடு:
வந்து சேர்வது சுருக்கியது, ஓடுவது விரித்தது. பழைய போனில் பிரவுசர் அத்தனையையும் வாசித்துத்தான் ஓட்ட வேண்டும். அதை விடுங்கள். சுருக்கிய கணக்கிலேயே 3 இல்லை என்கிறேன். அதற்குப் பதில் எங்கே?

தட்டுவடைசெட்:
நாள்காட்டிக்கு ப்ரியாக்ட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே! ஆல்பைன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் போட்டிருந்தால் எச்.டி.எம்.எல் டேகிலேயே எக்ஸ்-டேட்டா, எக்ஸ்-ஷோ என்று நாலு வரி எழுதி முடித்திருக்கலாம். சர்வரே பக்கத்தைத் தயாரிக்கும் ஜாங்கோ, பிஎச்பி மொழியின் லாரவெல் போன்ற சட்டகங்களுக்குப் பொருத்தம் அதுதான். லாரவெலுக்கான லைவ்வயர் நூலகத்தின் மூன்றாம் பதிப்பு ஆல்பைனைக் கூடவே கொண்டுவருகிறது. அவர்கள் விவரம் தெரியாதவர்களா?

ஐந்துரோடு:
வாங்க. மூன்றுக்கும் நாலுக்கும் பஞ்சாயத்து நடக்கும் இடத்தில் பதினைந்து கேபியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். சுருக்கிய ஆல்பைன் ஏறத்தாழ அவ்வளவு வரும். மேலும், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையைத் தளத்தில் கறாராக வைத்தால் வழக்கமான ஆல்பைன் ஓடாது. ஒன்று, எழுத்துச்சரத்தையே நிரலாக ஓட்ட அனுமதிக்கும் அன்சேஃப்-ஈவாலைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள தனிப் பதிப்பைப் போட வேண்டும். இதெல்லாம் தட்டுவடைக்கு நடுவில் வைக்கும் பீட்ரூட் துருவல் இல்லை தம்பி, கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட.

தட்டுவடைசெட்:
பாதுகாப்பைப் பற்றி யார் பேசுவது? ஒரு ஜவுளிக்கடைத் தளத்தில் ஒரே பக்கத்தில் ஜேகுவரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மூன்று பதிப்புகளை ஏற்றிய மகான் யார் என்று இங்கே பலருக்குத் தெரியும். ஒவ்வொன்றும் சுருக்கியே 30 கேபி. அன்றைக்கு இந்தத் தராசு எங்கே போயிருந்தது?

ஐந்துரோடு:
அதில் இரண்டு எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் போட்டது. பத்து தடவை சொல்லியாகிவிட்டது. பேச்சை மாற்ற வேண்டாம்.

மல்கோவா:
ஒரு நிமிடம். புது இணைப்பில் சர்வர் முதல் சுற்றில் வழக்கமாகப் பத்துப் பாக்கெட் அனுப்பும், அதாவது 14 கேபி அளவுக்கு. ஸ்கிரிப்ட் 3 ஆனாலும் 4 ஆனாலும் அதற்குள் அடங்கிவிடும். காத்திருக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியாது. நான் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் லேடீஸ் சீட்டிலிருந்து எடுத்த மாலைக்காட்சிப் படம் ஒன்று இருக்கிறது. அது மட்டும் 2 எம்பிக்கு மேல்!

ஐந்துரோடு:
படத்தைப் பற்றி யார் கேட்டது? 3 என்று எழுதியது பொய்யா இல்லையா?

பகோடாபாயிண்ட்:
நான் மேலேயே குடியிருக்கிறவன். "வளைவில் சிக்னல் போகும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். இருபது வளைவிலும் எனக்குச் சிக்னல் கிடைக்கிறது.

கொண்டைஊசி20:
உங்கள் சிம் வேறு, என் சிம் வேறு. பத்தாவது வளைவு தாண்டினால் என் போன் வெறும் கேமராதான்.

பகோடாபாயிண்ட்:
அப்படியானால் சிம்மை மாற்றுங்கள். நூலகத்தை ஏன் மாற்றுகிறீர்கள்? உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் "ஏற்காட்டில் நெட் கிடைக்குமா" என்று கீழேயிருந்து தினமும் எனக்குப் போன் வருகிறது.

ஐந்துரோடு:
நண்பர்களே, வளைவை எண்ணுவதை நிறுத்திவிட்டு கேபியை எண்ணுங்கள். கொண்டைஊசி20 இன்னும் ஒன்றை மறைக்கிறார். முன்பதிவுப் பொத்தான் இரண்டு நாள் வேலை செய்யவில்லை என்று விடுதிக்காரரே என்னிடம் சொன்னார்.

கொண்டைஊசி20:
மறைக்க என்ன இருக்கிறது? 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை வந்தது. ஜாங்கோவில் பக்கத்தை மறுபடி ஏற்றாமல் ஃபெட்ச் மூலம் தகவலைப் போஸ்ட் செய்தால், கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் ஹெடரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். விட்டுவிட்டேன், அப்புறம் சேர்த்தேன், சரியாகிவிட்டது. இதில் ப்ரியாக்டின் தவறு எங்கே? அது சரி, விடுதிக்காரர் உங்களிடம் எதற்குப் பேசினார்? போன வருடம் இதே வேலைக்கு நீங்கள் விலை சொல்லி, அது கிடைக்காமல் போனதாலா?

ஐந்துரோடு:
அந்த வேலையை நான்தான் வேண்டாம் என்றேன். அதுவும் இதுவும் வேறு. இப்போது என் கணினியிலேயே அளந்துவிட்டேன். சுருக்கி 4க்கு மேல். ஹூக்ஸ் என்ற கூடுதல் பகுதியைச் சேர்த்தால் இன்னும் ஏறும். ரியாக்டுக்கு எழுதிய நாள்காட்டி ஒன்றை அப்படியே போட ஆசைப்பட்டு, ரியாக்ட் நிரலை ப்ரியாக்டில் ஓட்ட உதவும் காம்பாட்டையும் இழுத்தால் அதற்கு மேலும் ஏறும். எங்கே அந்த மூன்று?

கொண்டைஊசி20:
ரியாக்டும் அதன் துணையான ரியாக்ட்-டாமும் சேர்ந்தால் சுருக்கியே 40ஐத் தாண்டும். அதற்கு முன்னால் நாலு என்ன, ஐந்து என்ன? "ஏறத்தாழ மூன்று" என்று வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

ஐந்துரோடு:
ஏறத்தாழவா? நேற்று "வெறும்" என்று எழுதினீர்கள். "வெறும் 3 கேபிதான்." அந்த "வெறும்" எங்கே போயிற்று?

மல்கோவா:
அந்தப் படத்தை வெப்பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றினாலே...

ஐந்துரோடு:
மல்கோவா, படத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

தட்டுவடைசெட்:
போன மாதம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாம் கூடியபோது பதினான்கு தட்டுவடை செட்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன். கேபியை இவ்வளவு துல்லியமாக எண்ணும் அண்ணன் தன் பங்கையும் எண்ணிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஐந்துரோடு:
பன்னிரண்டு செட். பில் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் நாலு கேபி கணக்கையும் இன்று இரவு படம் எடுத்துப் போடுகிறேன்.